பெரியத்தாவின் தவிட்டு ஜாடி

என் பெரியத்தாவை ஊரார் குடிகாரர் என்று பேசிய அந்தப் பதினோரு நாட்களுக்கும் காரணம் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு முடிந்து முழுப்பரீட்சை விடுமுறை. வாயைத் திறந்தால் மூடத் தெரியாத பெண் என்று வீட்டில் ஏற்கெனவே எனக்குப் பெயர் இருந்தது. அது எவ்வளவு பெரிய குற்றம் என்பது அந்த ஆண்டுதான் தெரிந்தது.

பெரியத்தா என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் ஓசூர் பக்கம் மூக்கண்டப்பள்ளியில் இருந்தார். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, மலேயாவில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, மூன்றரை வருடம் சிறையிருந்து திரும்பியவர் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு மேல் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. கேட்டால், "அதெல்லாம் போச்சு, வுடு" என்பார். பக்கத்தில் புதிதாக வந்திருந்த தொழிற்பேட்டையில், கியர் செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்கு வாட்ச்மேன் வேலை. காக்கிச் சட்டை, கறுப்பு பூட்ஸ், விசில்.

அந்த பூட்ஸ்தான் அவருக்கு எதிரி. அவருடைய கால்கள் எப்போதும் எரியும். நெருப்புத் துண்டின் மேல் நிற்பது போல, பாதத்தின் அடியில் ஆயிரம் ஊசி குத்துவது போல இருக்கும் என்று அம்மாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். தொட்டுப் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்காருவார். நாங்கள் சாப்பிடுவதும் படிப்பதும் சண்டை போடுவதும் அந்த வாளியைச் சுற்றித்தான். எரிச்சல் அதிகமானால் எழுந்து அறைக்குள் மாற்றி மாற்றிக் காலைத் தூக்கி வைத்து நடப்பார். பார்ப்பதற்கு ஆடுவது போலவே இருக்கும். நாங்களும் பின்னாலேயே ஆடுவோம். அவர் திட்டியதில்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வெள்ளைச் சோறு என்பது பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் உரியது. மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் களி. கல்யாண வீட்டில் எல்லோரும் சோற்றுக்காகக் காத்திருக்கும்போது, பெரியத்தா மட்டும் கறியை வாங்கிக்கொண்டு, "களி இருந்தா குடுங்க" என்பார். பெண் வீட்டார் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அதோடு ரைஸ் மில்லில் போய் மாட்டுக்குப் போடுகிற தவிட்டை வாங்கி வருவார். சலித்து, வறுத்து, ஒரு பீங்கான் ஜாடியில் தண்ணீர் ஊற்றி ஊற வைப்பார். இரண்டு நாளில் நுரை கட்டி, வீடு முழுக்கப் புளிப்பு நாற்றம் எடுக்கும். அதைத் துணியில் வடிகட்டி, காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். எங்களிடமும் நீட்டுவார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவோம்.

அந்த விடுமுறையில் பெரியத்தாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. கம்பெனிக்குப் புதிதாக, வேலையாட்கள் விவகாரம் பார்க்கிற ஒரு பெர்சனல் ஆபீசர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். கண்டிப்பானவர். அன்று நான் தூக்குப்பாத்திரத்தோடு போனபோது, பெரியத்தா கேட்டுக்குப் பின்னால் பூட்ஸைக் கழற்றிவிட்டு வாளியில் காலை விட்டுக்கொண்டிருந்தார். ஆபீசரும் அப்போதுதான் வந்து நின்றார். பெரியத்தா அவசரமாக எழுந்தார். ஈரக்கால், சிமெண்டுத் தரை. சலாம் வைத்தபடியே பக்கவாட்டில் இரண்டு எட்டு தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆபீசர் மூக்கைச் சுருக்கினார். காலையில் குடித்த ஜாடித் தண்ணீரின் வாசம் பெரியத்தாவின் சட்டையில் இருந்தது.

ஆபீசர் பெரியத்தாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க பெரியப்பா வீட்டுல என்ன குடிப்பாரு?"

இவ்வளவு பெரிய மனிதர் என்னிடம் கேள்வி கேட்கிறாரே என்ற பூரிப்பில் நான் விளக்கமாகச் சொன்னேன்.

"அலமாரியில ஒரு ஜாடி இருக்கு சார். பெரியத்தாவே ஊற வெச்சது. தினம் ரெண்டு வாட்டி குடிப்பாரு. ரொம்ப நாறும். அப்புறம் ராத்திரி ஆனா ஆடுவாரு சார். நல்லா ஆடுவாரு."

அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. குடிக்க வேண்டுமென்றால் எல்லையைத் தாண்டி, கன்னடச் சீமையில் இருக்கிற அத்திப்பள்ளிக்குப் போய்விட்டு வர வேண்டும். அப்படிப் போய் வருகிறவர்களைச் செக்போஸ்ட்டிலேயே போலீஸ் முகர்ந்து பார்த்துப் பிடித்த காலம். வீட்டிலேயே ஊற வைத்துக் குடிக்கிற வாட்ச்மேன் என்றால் சும்மாவா? அன்று மாலையே பெரியத்தாவை சஸ்பெண்ட் செய்தார்கள். பதினோராவது நாள் என்கொயரி. அதில் குற்றம் உறுதியானால் வேலை போகும், போலீசுக்கும் எழுதுவோம் என்று தாளில் இருந்தது. அத்தா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். தாளின் நடுவில், 'அவரது குடும்பத்துச் சிறுமியே ஒப்புக்கொண்டபடி' என்று ஒரு வரி இருந்தது. அத்தா அந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டேன்.

விஷயம் இரண்டு நாளில் வீதி முழுக்கப் பரவியது. ஐந்து வேளையும் தொழுகிற மனிதர், பட்டாளத்தில் இருந்தபோதே ரம் வாங்காதவர், வீட்டில் சாராயம் காய்ச்சுகிறார் என்று பேசினார்கள். அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழுகை வரிசையில், அவருக்கு இரண்டு பக்கமும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றார்களாம். தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டிய வரிசை அது. அத்தா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னார். பெரியத்தா வாளியில் காலை விட்டுக்கொண்டார்.

புளி வியாபாரம் செய்கிற அத்தாவுக்கு வம்பு என்றாலே பயம்.

"அந்த ஜாடிய எடுத்துச் சாக்கடைல கொட்டுங்கண்ணே. போய் மன்னிப்பு கேட்டுட்டு வந்துர்லாம்" என்றார்.

பெரியத்தா நிமிர்ந்து பார்த்தார். "கொட்டக் கூடாதுடா" என்றார். அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை.

அதுவரை வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாதான் வாயைத் திறந்தாள்.

"கொட்டுனா தப்பு செஞ்சோம்னு நாமளே ஒத்துக்கிட்டாப்ல ஆயிரும். அது அங்கியே இருக்கட்டும்."

பெரியத்தாவின் ஜாடி நாற்றத்துக்கு எங்கள் வீட்டில் முதல் எதிரி அம்மாதான். அவளா இதைச் சொல்கிறாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றிலிருந்து தவிடு சலிப்பதையும் வடிகட்டுவதையும் அவளே செய்தாள். யாராவது வீட்டுக்கு வந்தால் ஜாடியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

என்கொயரி நாள். சாப்பாட்டு நேரத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். அத்தா, தேன்கனிக்கோட்டையில் புளி எடை போடுகிற நாள் என்று காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். பெரியத்தா துவைத்த காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அம்மா முக்காட்டை இழுத்துச் செருகி, ஜாடியைத் துணியால் மூடிக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீ எங்கம்மா வர்ற?" என்றார் பெரியத்தா.

"எம்பொண்ணு சொன்ன சாட்சி. அத முடிச்சு வெக்கறதுக்கு நான் வரேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் வா" என்றாள். அந்தக் குரலுக்கு மறுபேச்சு கிடையாது.

என்கொயரி கேண்டீன் கூடத்தில் நடந்தது. ஒரு மேசைக்குப் பின்னால் ஆபீசர். அவருக்குப் பக்கத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் பெங்களூரிலிருந்து வந்துபோகிற கம்பெனி டாக்டர். நரைத்த மீசை, கன்னடக்காரர். குடிகாரர் என்று சர்டிபிகேட் எழுதுவதற்காகவே அவரை வரவழைத்திருந்தார்கள். சாப்பிட வந்த தொழிலாளர்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள்.

ஆபீசர் தாளைப் படிக்கத் தொடங்கியதும் அம்மா நேராகப் போய் மேசை மேல் ஜாடியை வைத்தாள். தாளின் ஒரு மூலை ஜாடிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

"என்னம்மா இது? வெளிய கொண்டுபோங்க."

"இதுதான் சார் அந்தச் சாராயம். தவிடும் தண்ணியும். வேற ஒண்ணும் கெடையாது." கேண்டீன்காரரிடம் திரும்பி, "அண்ணா, மூணு டம்ளர் குடுங்க" என்றாள்.

டம்ளர் வந்தது. அம்மா ஒன்றை நிரப்பி, எல்லோரும் பார்க்க ஒரே மூச்சில் குடித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இரண்டாவதை நிரப்பி என் கையில் கொடுத்தாள்.

"குடி."

நான் குடித்தேன். புளித்த கூழில் சாக்குப்பையை ஊறப்போட்டது போல இருந்தது. பாதியில் குமட்டியது. சுவரோரம் நின்ற முகங்களைப் பார்த்தேன். பெரியத்தாவைப் பார்த்தேன். மிச்சத்தையும் விழுங்கினேன்.

"எம்பொண்ணு குடிச்சிருக்கு சார். நான் குடிச்சிருக்கேன். அரை மணி நேரம் ஆவட்டும். அப்புறம் எங்க வேணும்னாலும் நடக்கச் சொல்லுங்க. நாங்க ஆடுனா, அவரைப் போலீஸ்ல புடிச்சுக் குடுங்க." மூன்றாவது டம்ளரை நிரப்பி ஆபீசர் பக்கம் தள்ளினாள். "இது உங்களுக்கு."

ஆபீசர் அதைத் தொடவில்லை. ஆனால் டாக்டர் எடுத்தார். முகர்ந்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "இருக்கட்டும் சார். காத்திருக்கலாம்" என்றார்.

அந்த அரை மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். நூறு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மெதுவாகச் சந்தேகம் வந்தது. ஒருவேளை போதை ஏறிவிட்டால்? தலை சுற்றுகிறதா என்று கண்ணை மூடிப் பார்த்தேன். மனசுக்குள் ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். ஒன்பதேழு அறுபத்து மூன்று என்று சரியாக வந்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. ஒருவரும் நகரவில்லை.

கூடத்துக்கு வெளியே மெஷின் வரிசைகளுக்கு நடுவில் தரையில் மஞ்சள் பெயிண்டில் நீளமாக ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதில் நடக்கச் சொன்னார்கள். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட வைத்து நடந்தேன். கடைசிவரை போய்த் திரும்பி வந்தேன். ஒரு எட்டுகூட மஞ்சளை விட்டு இறங்கவில்லை. ஆசை தீராமல் ஒற்றைக் காலில் நொண்டியடித்தும் இன்னொரு முறை போய் வந்தேன். யாரோ தட்டில் ஸ்பூனால் தட்டினார்கள். பிறகு எல்லாத் தட்டுகளும் சத்தம் போட்டன. "சபாஷ் பாப்பா" என்று ஒருவர், "சென்னாகிதே" என்று ஒருவர், "பாகுந்தி" என்று ஒருவர். கம்பெனியில் இருந்த மூன்று பாஷையிலும் எனக்குப் பாராட்டு கிடைத்தது. அம்மாவும் நடந்தாள். முக்காடு நகராமல், தண்ணீர்க் குடம் சுமப்பவளைப் போல நடந்தாள்.

ஆபீசர் விடவில்லை. "சரி. அப்போ இவரு ஏன் தள்ளாடுறாரு?"

டாக்டர் எழுந்து வந்தார். பெரியத்தாவை பூட்ஸைக் கழற்றச் சொன்னார். ஊர்ப் பெரியவரைக் கூப்பிடுவது போலக் கன்னடத்தில் மரியாதையாகக் கூப்பிட்டார். "யஜமான்ரே, காலைச் சேர்த்து நில்லுங்க. இப்ப கண்ணு மூடுங்க."

கண்ணை மூடியதும் பெரியத்தா வேரறுந்த மரம் போலச் சாய்ந்தார். டாக்டர் தயாராக நின்று தாங்கிக்கொண்டார். நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு குண்டூசியை எடுத்து அவர் பாதத்தில் குத்தினார். பெரியத்தா அசையவில்லை. கணுக்காலுக்கு மேல் வந்தபிறகுதான், "ஆங், இங்க தெரியுது" என்றார்.

"இவரு காலுக்கு எரிச்சல்தான் தெரியும், தரை தெரியாது சார்" என்றார் டாக்டர் ஆபீசரிடம். "கண்ணால பாத்துப் பாத்துத்தான் நிக்கறாரு. பல வருஷமா." பிறகு பெரியத்தாவின் முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எத்தனை மாசம் வெறும் சோறு தின்னீங்க? எங்க?"

பெரியத்தா கழற்றி வைத்த பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எங்கள் வீட்டில் எவரும் கேட்டிராத அந்தக் கதையை நானும் அப்போதுதான் கேட்டேன்.

"கப்பல்ல ஏத்தி ஒரு தீவுல விட்டாங்க சார். தீட்டுன அரிசி, ஆளுக்கு ஒரு கை. பருப்பு கெடையாது, காய் கெடையாது. மொதல்ல எனக்குச் சந்தோசம். ஊர்ல களி தின்னவனுக்கு தினமும் வெள்ளைச் சோறாச்சே. நாலாம் மாசம் காலு எரிய ஆரம்பிச்சிது. அந்தக் கொட்டாயில இருந்த எல்லாருக்கும் எரிஞ்சிது. படுக்க முடியாது. எல்லாரும் எந்திரிச்சு ஆடுவோம். கூட ஒரு மலையாளத்துக் கம்பவுண்டர் இருந்தாரு. அவருதான் மாட்டுத் தவிட்டைத் திருடிட்டு வந்து ஊறப் போட்டு, செரட்டையில ஊத்திக் குடுத்தாரு. நாறும். குடிச்சவன் பொழைச்சான். நாறுதுன்னு துப்புனவன்..." அங்கே நிறுத்திக்கொண்டார். பிறகு, "அதனாலதான் சார் கொட்ட மனசு வரல" என்றார்.

சுவரோரம் நின்றவர்கள் தட்டுகளைக் கீழே வைத்தார்கள்.

"படிக்கிற காலத்துல இது புத்தகத்துல ஒரு பாரா. ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார் டாக்டர். தவிட்டோடு போய்விடுகிற சத்து கிடைக்காமல் செத்துப்போன நரம்பு திரும்பாது, ஜாடித் தண்ணீர் இனி மருந்தாகாது, ஆனால் கெடுதலும் இல்லை என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சர்டிபிகேட்டும் எழுதினார். ஆபீசர் எதிர்பார்த்தது அல்ல, வேறு.

ஆபீசரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்த மூன்றாவது டம்ளர் அவர் முன்னாலேயே இருந்தது. டாக்டர் நாக்கில் வைத்துப் பார்த்தது போக மிச்சம் முக்கால் டம்ளர். அவர் அதை எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்து முடித்தார். தட்டுகள் மறுபடி முழங்கின. ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. வாட்ச்மேன் பணியின்போது செருப்பு அணியலாம், கேட்டில் தண்ணீருடன் வாளி ஒன்று வைத்துக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது என்று முத்திரை குத்திய தாள். அத்தா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமை பெரியத்தாவின் பக்கத்தில் நிற்க அவ்வளவு நெரிசலாம், சிறிது நகர்ந்து நில்லுங்கள் என்று இமாமே சொல்ல வேண்டியிருந்ததாம்.

ஆனால் என் நினைவில் நிற்பது என்கொயரி முடிந்து வீட்டுக்குத் திரும்பிய நடைதான். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. பெரியத்தா பூட்ஸ் இரண்டையும் கயிற்றால் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ரோட்டின் நடுவில் நடந்தார். அம்மா காலி ஜாடியோடு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எங்கள் வீதி முனை திரும்பும்போது அவர் நெஞ்சை நிமிர்த்தி, உரக்க எண்ணத் தொடங்கினார்.

"இச்சி, நி, சான், ஷி..."

கன்னடம் எனக்குத் தெரியும். தெலுங்கு ஓரளவு தெரியும். இது இரண்டும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊரில் இப்படி எண்ணுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். பல வருடம் கழித்து, ஓசூரில் வேறொரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஜப்பானிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் என் முன்னால் பெட்டிகளை அதே சொற்களால் எண்ணினார். என் கையில் இருந்த பேனா நின்றுவிட்டது. ஜப்பான்காரன் சிறையில் தினமும் காலையில் கைதிகளை வரிசையில் நிறுத்தி, ஜப்பான் பாஷையில்தான் எண்ணச் சொல்வார்களாம். அதை அப்புறம் தெரிந்துகொண்டேன். அதற்குள் பெரியத்தா மௌத்தாகி, அவரை அடக்கி ஆறு வருடம் ஆகியிருந்தது.

அன்று அவர் பத்தைத் தாண்டி, இருபதைத் தாண்டி எண்ணிக்கொண்டே போனார். வீதியில் இருந்தவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னா பெரியத்தா எண்ணுற?"

"எல்லாரும் வந்துட்டாங்களான்னு பாக்கறன் புள்ள."

அம்மா சட்டென்று வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவு பெரிய மனிதருக்கு எண்ணத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. "நாம மூணு பேருதான் பெரியத்தா" என்று சொல்லி, அவருக்குப் புரியும்படி மூன்று விரலை நீட்டிக் காட்டினேன்.